பனிக்குள் கேட்ட குரல்

அக்கா, இன்று காலை பனிக்குள் உன் குரலைக் கேட்டேன். "யாருங்க வாரது?" என்றது. நீ செத்துப்போனதே மறந்துபோய், "நாந்தான் அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

நம் மலையூரான கொட்டச்சேட்டில் பனி மூடிவிட்டால் எதிரே வருவது ஆளா, காட்டெருமையா என்று தெரியாது. வளைவுக்கு முன்பே குரல் கொடுக்க வேண்டும். எதிரே இருப்பவர் பதில் குரல் கொடுக்க வேண்டும். யாரும் பேர் சொல்வதில்லை, குரலே போதும். உன் புருசன், மாமா, வெட்டுப்பட்ட அன்றும் அப்படித்தான். மேல்வீட்டுப் பங்காளிக்கும் அவருக்கும் இருந்த வரப்புத் தகராறு ஊருக்கே தெரியும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நீ, பனிக்குள் அவன் அதட்டுவதைக் கேட்டாய். அடுத்து மாமா அலறினார். நீ போய்ச் சேர்ந்தபோது அவர் மட்டும்தான் கிடந்தார்.

வேறு சாட்சி இல்லை. அரிவாளும் அகப்படவில்லை. "மொகத்தப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு, போதும்" என்று ஊரே உனக்குச் சொல்லிக்கொடுத்தது. சேலம் கோர்ட்டில் கூண்டேறியதும் நீ சொன்னது வேறு.

"மொகம் தெரியலீங்க. பனிங்க. கொரலு அவரு கொரலாட்டத்தான் இருந்துச்சுங்க."

அவனை விட்டுவிட்டார்கள். குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகவில்லையாம், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்காம். பலன் அவனுக்கு, சந்தேகம் மட்டும் நமக்கா? மலையேறும் பஸ்ஸில் முன் சீட்டிலேயே அவன் உட்கார்ந்திருந்தான். அடிவாரம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் உன்மேல் பாய்ந்தேன். "ஒரே ஒரு வார்த்த, அக்கா. உனக்கு வாயில கொழுக்கட்டையா?"

நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய். "கேட்டதச் சொன்னேன் கண்ணு. பாக்காததப் பாத்தேன்னு சொல்லி ஒருத்தனத் தூக்குல ஏத்திப்போட்டு, அப்பறம் நான் எப்படிச் சாமி தூங்கறது?"

உன் மாமியார் சாகும்வரை உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. புருசனைக் கொன்னவனுக்கு வக்காலத்து வாங்குனவ என்று ஊர் பேசியது. அவன் பனிக்குள்ளிருந்து குரல் கொடுத்தால் நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை. நீ மட்டும் பதில் கொடுத்தாய். கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்து அழுவாய். அது எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

இன்று ஓடிப்போய்ப் பார்த்தால், கரடியூரிலிருந்து புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண் ஒருத்தி விறகுக்கட்டோடு நின்றாள். முகத்தில் உன் சாயல் துளியும் இல்லை. "ஏனுங்கண்ணா, பேயறைஞ்சாப்ல நிக்கறீங்க?" என்றாள். உன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான். உன் குரல்தான் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

அவன்தான் வெட்டினான் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நேற்றுவரை நினைக்கிறேன் என்று சொன்னதில்லை, தெரியும் என்றுதான் சொன்னேன். சாயங்காலம் அவன் ஆடு ஓட்டிக்கொண்டு இந்த வழியாகத்தான் வருவான். வளைவில் குரல் கொடுப்பான். பனி இப்போதே இறங்க ஆரம்பித்துவிட்டது, அக்கா. பதில் குரல் கொடுக்க எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை.