வேண்டாமென்ற கூழ்

அன்புத் தங்கச்சிக்கு,

மெட்ராஸ் புடவைக் கடை விளம்பரத்துக்கு மாடலாகக் கூப்பிட்டிருப்பதாக எழுதியிருந்தாய். போ. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே. கதவைச் சாத்தினால் எழுந்து வந்துவிடு. யார் சொன்னாலும் வயிற்றைக் காயப்போடாதே.

எண்பத்தேழில் நம் சித்தி மகள் செல்வராணியும் இப்படித்தான் கிளம்பினாள், துணைக்கு நான். இடஒதுக்கீட்டு மறியலில் உளுந்தூர்பேட்டைச் சாலை முழுக்க மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் பட்டினியாக பஸ்ஸிலேயே கிடந்தோம். ஊர்க்காரம்மா ஒருத்தி கூழ் கொண்டுவந்தாள்.

"வேணாங்க, போட்டோவுல மூஞ்சி ஊதிக்கும்" என்றாள் செல்வராணி.

வெயிலில் ஊருக்குத் திரும்பி நடந்தோம். எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

உன்னிடம் சொல்லாதது ஒன்று. கூழைப் பார்த்ததும் அவள் கை நீட்டினாள். நான்தான் வேண்டாமென்று தலையாட்டினேன்; அதற்கப்புறம்தான் அவள் அப்படிச் சொன்னாள். அவள் பங்கையும் நானே குடித்தேன்.

உன் அக்கா