மாவாட்டாத ஏழு பேரும் மூன்று புதன்கிழமைகளும்

11 ஜூலை 1994, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல், கூடவே காற்று. சூலூர் பஸ்ஸில் என் ஜன்னலுக்கு மட்டும் ஷட்டர் இறங்கவில்லை. இடது தோள் முழுக்க ஈரம். ஈரத்தோடே ஒன்பது கடிதம் டைப் அடித்தேன்.

சனிக்கிழமை பயிற்சி பற்றி எழுத வேண்டும், மறந்துவிடும். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஹோட்டல். மேனேஜர் பெயருக்கு வந்த அழைப்பு அது. "நீ போய்ட்டு வாம்மா, சோறு நல்லாருக்கும்" என்று என்னை அனுப்பினார். சோறு சுமார்தான். பாடம் நன்றாக இருந்தது. மெட்ராஸ்காரர் ஒருவர் எடுத்தார். வேலை செய்கிற இடத்தில் புது யோசனைகளை எப்படி வரவழைப்பது என்று.

அவர் சொன்னவை:
— வாயில் வந்ததைச் சொல்லலாம். கிறுக்குத்தனமாக இருந்தாலும்.
— சொன்னதை அங்கேயே யாரும் வேண்டாம் என்று தள்ளக் கூடாது.
— நிறைய வேண்டும். நல்லது கெட்டது அப்புறம்.
— ஒருவர் சொன்னதன் மேல் இன்னொருவர் ஏறி அதை வளர்க்கலாம்.

இன்று முதலாளியிடம் போய் நின்றேன். நம் கிரைண்டர் கம்பெனியிலும் செய்யலாம், நான் நடத்துகிறேன் என்றேன். எப்படி வாய் வந்ததோ. ஒன்பது வருஷமாக அடுத்தவர் யோசனையை டைப் அடித்துத் தேய்ந்த விரல் இது, அதுதான் பேசியிருக்க வேண்டும்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூணு புதன் பாருங்க அம்மணி. நம்ம கிரைண்டருக்கு உருப்படியா ஒண்ணு வந்துச்சுன்னா மீட்டிங் உங்களுது. வரலீன்னா பழையபடி டைப்ரைட்டரு."

மேனேஜர் அவர் மச்சினர். பக்கத்திலேயே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். (இனி மு., மே. என்றே எழுதுகிறேன். கை வலிக்கிறது.)

ரேஷனில் சர்க்கரை வரவில்லை.

13 ஜூலை, புதன்

முதல் மீட்டிங். பேக்கிங் ஷெட்டில், மூன்று மணிக்கு. ஏழு பேர். ஃபிட்டிங் ஃபோர்மேன் ரங்கசாமி அண்ணன், பெயின்ட் பாட்ஷா பாய், மோட்டார் வைண்டிங் ஸ்டீபன், இன்னும் நான்கு பேர். மு. எல்லாருக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விதிகளைச் சொன்னேன். கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. காக்காய் ஒன்று கூரைத் தகரத்தில் நடக்கிற சத்தம் கேட்டது.

கடைசியில் மு. "பச்சைக் கலர் அடிச்சா எப்படி இருக்கும்?" என்றார்.

"நல்லாருக்குமுங்க."
"பச்சைதானுங்க கண்ணுக்குக் குளிர்ச்சி."
"நானே சொல்லோணும்னு இருந்தனுங்க."

ஏழு வாயும் பச்சை. போன மாதம்தான் பாட்ஷா பாய் என்னிடம், பச்சை அடித்தால் மாவுக்கறை திட்டுத்திட்டாகத் தெரியும் என்று அரை மணி நேரம் புலம்பினார். இன்று அவர்தான் முதலில் தலையாட்டினார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க பாய், கறை தெரியும்னீங்களே?"

"தெரியுந்தானுங்க. மொதலாளி சொல்லிப்போட்டாரு, அதுக்கு மேல நாம என்னத்தச் சொல்றது? மருவாதி இல்லீங்களா?"

மரியாதை. இந்த ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை. ஒருத்தர் காலை மிதித்தால்கூட மிதிபட்டவர்தான் "பரவால்லீங்க" என்பார். எனக்கு வந்த கோபத்துக்குச் சாக்பீஸை நொறுக்கினேன்.

15 ஜூலை, வெள்ளி

மு. அறைக்குப் போய்ச் சொல்லியேவிட்டேன்.

"மீட்டிங்குக்கு நீங்க வராதீங்க."

அந்த அறையில் அப்படி யாரும் பேசியதில்லை. மே. குத்திய பல்லை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார். ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தேன். நீங்கள் இருந்தால் அவர்கள் உங்கள் வாயைத்தான் பார்க்கிறார்கள், கிரைண்டரைப் பார்ப்பதில்லை என்றேன்.

மு. சிரித்தார். "செரி, வர்லீங்க. அதுக்குப் பதிலா ஒண்ணு. நல்ல யோசனை சொன்னவனுக்கு ஒரு கிரைண்டர் பரிசு. சொல்லிப்போடுங்க."

மனுஷன் நல்லவர்தான். மச்சினர் வாய்த்த விதம்தான் சரியில்லை.

20 ஜூலை, புதன்

இரண்டாம் மீட்டிங். இன்று சீட்டு முறை. மெட்ராஸ்காரர் சொன்னது: பேசக் கூச்சப்படுகிறவர்களைப் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். ஏழு பேருக்கும் துண்டுச் சீட்டு. தலையைக் குனிந்து மும்முரமாக எழுதினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரித்தேன். முதல் சீட்டு: அடியில் நாலு சக்கரம் வைக்கலாம், இது ரங்கசாமி அண்ணன் யோசனை. இரண்டாவது: சக்கரம், ரங்கசாமி அண்ணன். மூன்றாவது, நான்காவது... ஏழும் சக்கரம், ஏழும் ரங்கசாமி அண்ணன். அவர் சீட்டிலும் அவர் பெயர்தான், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

"என்னங்க இது?"

யாரும் நிமிரவில்லை. பாய்தான் தொண்டையைச் செருமினார். "அண்ணன் புள்ளைக்கு ஆவணியில கல்யாணமுங்க. சீர்ல கிரைண்டர் வெக்கோணும். நாங்க டீக்கடையில பேசி வெச்சுட்டமுங்க."

"உங்களுக்கு வேற யோசனை இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க" என்றான் ஸ்டீபன். "அத இப்பச் சொன்னா அண்ணனுக்குப் போட்டியாயிருமில்லீங்கக்கா?"

ரங்கசாமி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை. சிரித்தேன், சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷர்களை வைத்துக்கொண்டு ஒரு புது யோசனை எடுக்க முடியவில்லையே.

சக்கரம் வைத்தால் ஓடுகிற கிரைண்டர் சமையலறையை விட்டு வாசலுக்கே போய்விடும். அது யாருக்கும் தோன்றவில்லை.

மு.விடம் உள்ளதைச் சொன்னேன். கல்யாணத்துக்கு என்று ஒரு கிரைண்டரைத் தனியாகவே கொடுத்துவிட்டார். மே. டைப்பிங் அறை வரை வந்து, "ஐடியா மீட்டிங்கா, கல்யாண மீட்டிங்கா? இன்னொரு புதன், அப்புறம் மெஷினைத் தொடைச்சு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டைப்ரைட்டர் ரிப்பன் மாற்ற வேண்டும். மாற்ற மாட்டேன். அடுத்த புதன் வரை மாற்ற மாட்டேன்.

23 ஜூலை, சனி

சாயங்காலம் வீட்டில் மாவு ஆட்டினேன். நம் கம்பெனி கிரைண்டர்தான், சாய்க்கிற மாடல். கழுவ டிரம்மைச் சாய்த்தபோது அதைப் பிடித்திருக்கும் கொக்கி விரலைக் கடித்தது. வாராவாரம் கடிக்கிறது. வாராவாரம் திட்டுகிறேன்.

விரலைச் சூப்பிக்கொண்டு நின்றபோது உறைத்தது. அந்த ஏழு பேரும் தினம் கிரைண்டர் செய்கிறார்கள். அதில் ஒருவராவது மாவு ஆட்டியிருப்பாரா? கழுவியிருப்பாரா? செய்து, பெயின்ட் அடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள், அத்தோடு சரி.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஆம்பளைகள மாவாட்ட உடப்போறயா? வேல போயிரும் பாத்துக்க" என்றார்.

"போனா போவுது" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

25 ஜூலை, திங்கள்

மே.விடம் அரிசி, உளுந்து, ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"கம்பெனிய என்ன ஊட்டுச் சமையக்கட்டுன்னு நெனச்சயா? ஃபோர்மேன் மாவாட்டறதா?"

"மாவாட்டற மிஷின்தானுங்களே செய்யறோம். சைக்கிளா செய்யறோம்?"

"ஒரு மணி அரிசி தர முடியாது, போ."

தரவேண்டாம். என் வீட்டில் அரிசி இருக்கிறது.

27 ஜூலை, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை பஸ்ஸில் ஊற வைத்த அரிசியோடு பெரிய போசி, உளுந்துக்கு ஒரு தூக்கு. கண்டக்டர் "விசேஷமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

மூன்று மணி. ஷெட் நடுவில் கிரைண்டர். "இன்னைக்கு யாரும் ஒண்ணும் யோசிக்க வேண்டாம். ஆட்டுங்க, வழிங்க, கழுவுங்க. அவ்வளவுதான்."

முதலில் வெட்கம். ஸ்டீபன் ஒவ்வொரு அரிசியாகப் போடுகிறான். கல்லில் விரல் சிக்கிவிடுமாம். சிரிப்பு. அரை மணியில் மாவு. வழிக்கும்போது முழங்கை வரை அப்பிக்கொண்டது. பிறகு கழுவினார்கள். அப்போது ஆரம்பித்தது.

"த்தூ! இந்தச் சனியம்புடிச்ச கொக்கி வெரலக் கடிக்குது!"
"கழுவுன தண்ணி பூரா என்ற காலு மேலயேதான் வருது!"
"எந்தக் கூறுகெட்டவன் இந்த மூலைய இத்தன கூரா வெச்சான்?"
"நீதாண்டா வெச்ச!"

மனுஷரிடம்தான் இவர்களுக்கு மரியாதை. மெஷினிடம் மரியாதை கிடையாது. மெட்ராஸ்காரருக்கு இது தெரியாது. வந்த வசவு ஒவ்வொன்றையும் பலகையில் எழுதினேன். திட்டு முடிந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு யோசனை வந்தது. கொக்கியை எடுத்துவிட்டுக் காலால் அழுத்துகிற மிதிகட்டை வைத்தால்? வாய்விளிம்பை மடித்துத் தண்ணீர் வழிய ஒரு மூக்கு விட்டால்? ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் அதன் மேல் ஏற, பலகையில் இடமில்லை.

மே. உள்ளே வந்தார். "நிறுத்துங்கடா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இந்த மீட்டிங்ல வேண்டாம்னு சொல்லக் கூடாதுங்க சார். அது விதி. நீங்களும் வேணா கழுவுங்க" என்றேன்.

மே. நேரே போய் மு.வை அழைத்து வந்தார். மு. மாவுக் கைகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "கொக்கி நான் போட்டதாச்சே. அது செரியாத்தானே இருக்குது?"

ரங்கசாமி அண்ணன் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். "இல்லீங்க."

இருபது வருஷத்தில் அவர் மு.விடம் சொன்ன முதல் இல்லீங்க அதுதான், சத்தியம் பண்ணுவேன். "செரியில்லீங்க மொதலாளி. நீங்களே கைய வெச்சுப் பாருங்க."

மு. வைத்தார். சாய்த்தார். "ஸ்ஸ்ஸ்... ஐயோ!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுவும் மரியாதைதான்.

மாவை எல்லாரும் பங்கு பிரித்து எடுத்துப் போனார்கள்.

28 ஜூலை, வியாழன்

மு. கூப்பிட்டார். விரலில் பிளாஸ்திரி. மிதிகட்டைக்கு மாதிரி செய்யச் சொல்லிவிட்டாராம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த வாக்கியம்தான் விஷம்.

"மீட்டிங்கு நடக்கட்டும் அம்மணி. ஆனா இனி மச்சான் நடத்தட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து எழுதிக் குடுங்க. பொம்பள நின்னு ஆம்பளைகள மாவாட்ட வெச்சாங்கன்னு வெளிய பேச்சாயிருச்சு பாருங்க."

"நீங்க குடுத்த வாக்கு அப்படி இல்லீங்களே."

"நெலமையைப் புரிஞ்சுக்கோங்க."

"புரியுதுங்க. நடத்தறதா இருந்தா நான்தான் நடத்துவேன். இல்லீன்னா அந்த ஷெட்டுப் பக்கமே வர மாட்டனுங்க."

"அப்ப டைப்ரைட்டருதான்."

"செரிங்க."

கழிவறையில் போய் அழுதேன். வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில். முகம் கழுவி வந்து ரிப்பனை மாற்றினேன்.

2 ஆகஸ்ட், செவ்வாய்

நாளை ஆடிப்பதினெட்டு லீவு. அதனால் மே. நடத்தும் மீட்டிங் இன்றைக்கே. நான் போகவில்லை. ஜன்னலோரம் என் மேஜையில் கொட்டேஷன் அடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். அவர் மட்டுமே பேசினாராம்.

நாலு மணிக்கு டீ. ரங்கசாமி அண்ணன் டம்ளரோடு டைப்பிங் அறைக்குள் வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"மிதிகட்டைக்கு ஸ்ப்ரிங்கு போட்டா என்னங்க அம்மணி? ராத்திரி மாவாட்டும்போது தோணுச்சு."

ராத்திரி. வீட்டில். மாவாட்டும்போது!

பின்னாலேயே ஸ்டீபன். தண்ணீர் இறங்காமல் மோட்டாருக்கு ரப்பர் மூடி என்றான். பாய், பச்சை வேண்டவே வேண்டாம் என்றார், சத்தமாகவே. கொஞ்ச நேரத்தில் ஏழு பேரும் மேஜையைச் சுற்றி. கொட்டேஷனை உருவிப் போட்டுவிட்டு வெள்ளைத்தாள் சொருகினேன். அவர்கள் சொல்லச் சொல்ல அடித்தேன்.

மே. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலை அடைத்து நின்றார். "இங்க என்ன கூட்டம்?"

"மீட்டிங்குங்க சார். நான் நடத்தறேன். கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் எழவில்லை.

நகர்ந்து நின்றார்.