திமிங்கலச் சவாரிக்குப் பிறகு

கும்பகோணம்
20.1.2025

அன்புள்ள உங்களுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். பொன்னேரியில் ஏறும்போது உட்கார இடம் கிடைத்தது. எழும்பூரில்தான் கூட்டம் தாங்கவில்லை. பொங்கல் லீவுக்கு இரண்டு பேராகக் கிளம்பிப் போய் ஒருத்தியாகத் திரும்பி வந்தால் எதிர்வீட்டு அம்மணி அக்கா கேட்காமல் இருப்பாரா? "சார் நாலு நாள் கழிச்சு வர்றார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

செல்லில் செய்தி அனுப்பினால் "சரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். காய்ச்சலில் உங்கள் காது போன இந்த மூன்று வருஷத்தில் பால் கணக்கு முதல் கோபம் வரை எல்லாவற்றையும் எழுதிக் காட்டியே எனக்குப் பழகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படகில் உங்களுக்கு என்ன ஆயிற்று?

பழவேற்காட்டில் பூநாரை பார்க்கலாம் என்று வந்தவளை, 'திமிங்கலச் சவாரி' என்ற பேனரைக் காட்டி இழுத்துப் போனது நீங்கள். ஹாமித் தம்பியின் படகைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்து, முன்னால் வாய் வரைந்து, பின்னால் பிளைவுட்டில் ஒரு வால். ஆளுக்கொரு நீலத் தொப்பி. ஸ்பீக்கரில் திமிங்கலம் பாடுகிறதாம். கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல இருந்தது. முகத்துவாரம் தாண்டி வெகுதூரம் போனோம். பனி இறங்கி, கரை எது கடல் எது என்றே தெரியவில்லை. ஹாமித் இன்ஜினையும் ஸ்பீக்கரையும் நிறுத்தச் சொன்னார். குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. அப்போதுதான் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் படகின் அடித்தளத்தில் ஊன்றி, என் பக்கம் திரும்பி, "கேக்குதா?" என்றீர்கள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த திருவள்ளூர்க்காரரிடமும் விசாரித்துப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் முகம்! நம் கல்யாணத்தன்றுகூட அது அப்படி இருந்ததில்லை.

திமிங்கலமே வரவில்லை என்று எல்லாரும் ஹாமித்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நீங்கள் மட்டும் "நீ போ, நான் இருந்துட்டு வர்றேன்" என்றீர்கள். காரணம் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போதாவது சொல்லுங்கள்.

ஹாமித்தின் அம்மா மரியம் பீவி கொடுத்த இறால் ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்தது. அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள்
பவித்ரா


பழவேற்காடு
29.1.2025

பிரியமுள்ள பவித்ராவுக்கு,

உன் கடிதத்தை மரியம் பீவி அம்மா, தன் வீட்டு மாடியில் நான் தங்கியிருக்கும் அறைக்கே கொண்டுவந்து கொடுத்தார். நான் சௌக்கியம். வேளாவேளைக்குச் சோறு வருகிறது. நண்டுக்கு ஓடு உடைக்கத் தெரியாமல் நான் படும் பாட்டைப் பார்த்து அந்த வீடே சிரிக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். எனக்குக் கேட்டது, பவி.

நீதிபதி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்தே சம்பளம் வாங்கியவன் நான். காது போனதும் ரிக்கார்டு ரூமில் தூசி தட்ட அனுப்பினார்கள். பரவாயில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய் என்று உனக்கும் தெரியும். காதுக்குள் இத்தனை நாளாக இருந்தது நிசப்தம்கூட இல்லை, சுவர். அன்றைக்குப் படகில் உள்ளங்கால் வழியாக ஒன்று ஏறி, முழங்கால், வயிறு, நெஞ்சு என்று வந்து அந்தச் சுவரின் மறுபக்கம் நின்றது. நீளமாக ஒரு குரல். முடியும்போது லேசாக மேலே தூக்கும், கேள்வி கேட்பது போல. பிறகு காத்திருக்கும். மறுபடியும் அதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். இப்போது படகே தேவையில்லை. துறையில் உட்கார்ந்து ஏரித் தண்ணீரில் காலை விட்டாலே கேட்கிறது.

ஹாமித்தின் படகை ஓட்டும் சின்னப்பனிடம் மட்டும் சொன்னேன். அவர் நிதானமாகப் பேசுவார், உதட்டைப் படிப்பது சுலபம். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"இன்னா சார், உனுக்குமா? எங்களுக்கும் எப்பனா காலுக்கடியில வரும். வலைய இஸ்துக்கினு வேற பக்கம் பூடுவோம்."

"என்ன அது?"

"தெரியாது சார். யாருனா கீறாங்களான்னு கேக்குது. கேட்டுட்டுப் போவட்டும். பதிலு மட்டும் குடுத்துடாத."

இன்னும் கொஞ்ச நாள், பவி. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்
ஜெகதீஸ்வரன்


கும்பகோணம்
8.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதினால் கோபம் வராதா?

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நரம்பு செத்த காதில் சத்தம் கேட்காது, மூளையே சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும், பலருக்கு அப்படி ஆகும், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். உங்கள் ஆபீசிலிருந்து லீவு நீட்டிப்பு விண்ணப்பம் கேட்டு ஆள் வந்தார். அவரிடமும் பொய் சொன்னேன்.

மரியம் பீவி அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தொறையில தண்ணிக்குள்ள கால வுட்டுக்கினு குந்திக்கினே கீறாரும்மா. கூப்பாடு போட்டாலும் திரும்பறதில்ல, அது சரி, காது கேக்காது. ஆனா வெரலு மட்டும் முட்டி மேல ஓடிக்கினே கீது. என்னத்தம்மா எழுதுறாரு?"

எனக்கு அந்த விரலைத் தெரியும். கல்யாணமான புதிதில் ரேடியோச் செய்தி ஓடினால்கூட உங்கள் ஆள்காட்டி விரல் தொடையில் சுருக்கெழுத்துப் போடும். காது போன நாளோடு அது நின்றது. இப்போது ஓடுகிறது என்றால் யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நான் உங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, பைத்தியக்காரியைப் போலப் பேசியிருக்கிறேன். அது எதுவும் உள்ளே வரவில்லை. அங்கே முகமே இல்லாத ஒன்று பேசினால் வருகிறது. எனக்கு வயிறு எரியாதா?

மாசக் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக்கொண்டு வருகிறேன்.

பவித்ரா


பழவேற்காடு
20.2.2025

பிரியமுள்ள பவிக்கு,

வா. நீ வருவது நல்லது. அதற்கு முன் இங்கே நடந்ததை எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை முகத்துவாரத்துக்குத் தெற்கே கரையில் ஒரு திமிங்கலக் குட்டி ஒதுங்கியது. குட்டி என்றாலும் நம் வீட்டுக் கூடத்தில் அடங்காது. ஊரே போனது. ஹாமித் வியாபாரக்காரர், படகில் கூட்டிவந்து காட்டினார். நீலத் தொப்பி போட்ட பிள்ளைகள் அதைச் சுற்றி வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளை தன் தொப்பியைக் கழற்றி அதன் கண்ணை மூடிவிட்டது. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கலைந்தார்கள்.

நான் அதன் மேல் கை வைத்தேன். நனைந்த ரப்பர் போலச் சில்லென்று இருந்தது. இதுதான் என்னைக் கூப்பிட்டது, செத்துவிட்டது, இனி ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன். உன்னிடம் மறைக்கவில்லை: துக்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. வனத்துறைக்காரர்கள் பொக்லைன் கொண்டுவந்து புதைத்தார்கள்.

அன்று மாலை தண்ணீரில் கால் வைத்தேன். குரல் அப்படியே இருந்தது. முன்பைவிட அருகில். முன்பு இடைவெளி விட்டுக் காத்திருக்கும் என்றேன் அல்லவா? இப்போது இடைவெளியே இல்லை.

சின்னப்பனின் மனைவி எல்லம்மா கருவாடு திருப்பிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பெத்தது தேடுது சார்," என்றார். "நீ எய்ந்து வூட்டுக்குப் போ."

என்னால் எழுந்திருக்க முடியவில்லை, பவி. அவ்வளவு கூப்பிட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

ஜெகதீஸ்வரன்


கும்பகோணம்
4.3.2025

உங்களுக்கு,

அங்கிருந்து சொல்லாமல் கிளம்பி வந்ததற்கு மன்னியுங்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரி வந்துவிட்டேன்.

நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். எங்காவது நான் தவறாகப் பார்த்திருந்தால் சொல்லுங்கள். அதைவிட எனக்குச் சந்தோஷம் வேறில்லை.

உங்களோடு நானும் மறுபடி அந்தப் படகில் வந்தேன். இந்தத் தடவை பனி இல்லை. பளீரென்று வெயில். ஹாமித் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். பிள்ளைகள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றீர்கள். "உக்காரு சார், உக்காரு" என்று சின்னப்பன் ஓடி வந்தார். அதற்குள் நீங்கள் வாயைத் திறந்துவிட்டீர்கள்.

அது உங்கள் குரல் இல்லை. மனிதக் குரலே இல்லை. அவ்வளவு நீளமாக ஒரு மூச்சு உங்கள் நெஞ்சில் எப்படி இருந்தது? படகுத் தளம் அதிர்ந்து என் பல் கூசியது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு படகைச் சுற்றி அலை அடங்கி, எண்ணெய் ஊற்றியது போலத் தண்ணீர் வழவழவென்று ஆனது. அழுகிய மீனும் ஈர மண்ணும் கலந்த வாடை. பெரியவர் ஒருவர் தூக்கத்தில் பெருமூச்சு விடுவது போலச் சத்தம். அது எழும்பி வந்தது. தலை எது உடம்பு எது என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்பாக, வந்துகொண்டே இருந்தது. நம் பிளைவுட் வால் அதன் பக்கத்தில் சொப்புச் சாமான் போல இருந்தது. கடைசியில் ஒரு கண். அது படகில் இருந்த யாரையும் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தது. நீங்கள் கையை நீட்டினீர்கள். நான் உங்கள் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் திரும்பி, 'யாரிவள்' என்பது போல என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

அது முங்கிப் போய்விட்டது. படகு கரைக்குத் திரும்பியது. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கடலைப் பார்த்து, எனக்குள்ளேயே, "இனிமே என்னால முடியாது" என்று முணுமுணுத்தேன். இன்ஜின் சத்தத்தில் என் காதுக்கே அது கேட்கவில்லை.

நீங்கள் பின்னாலிருந்து, "அப்படிச் சொல்லாதே பவி" என்றீர்கள்.

என் உதட்டை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருக்கவே முடியாது. எப்படி?

பவித்ரா


பழவேற்காடு
12.3.2025

பிரியமுள்ள பவிக்கு,

நீ ஒன்றையும் தவறாகப் பார்க்கவில்லை. உன்னிடம் எதையும் ஒளிக்கப் போவதில்லை.

அன்று முதல் அந்தக் குரல் நின்றுவிட்டது. தண்ணீரில் கால் வைத்தால் இப்போது கேட்பது உன் குரல். உன் குரல் மட்டும்தான். நீ வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பது கேட்கிறது. 'ஔவியம்' என்று சொல்லும்போது ஒரு பிள்ளைக்கு வாய் வரவில்லை, நீ சிரித்தாய். மூன்று வருஷம் கழித்து உன் சிரிப்பைக் கேட்டேன். துறையில் அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை அம்பிகாவோடு போனில் பேசினாய். "அந்தக் காய்ச்சல்லயே அவர் போயிருந்தா அழுது தீர்த்திருப்பேன். இது எதுலயும் சேராம கெடக்கு" என்றாய். எனக்குக் கோபம் இல்லை. நியாயம்தான்.

மறுநாளே பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். பஸ் ஏரியை விட்டு விலக விலக, காலில் மிச்சமிருந்த அதிர்வும் அடங்கியது. பொன்னேரி போவதற்குள் பழைய சுவர் வந்துவிட்டது. பாதியில் இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பினேன்.

உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நீ எனக்குக் கேட்க மாட்டாய். இங்கே இருந்தால் கேட்கிறாய். நான் என்ன செய்யட்டும், பவி? நீயே சொல்.

ஜெகதீஸ்வரன்


கும்பகோணம்
19.3.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைக் கொல்லைப்புறத்தில் நின்று படித்தேன். பிறகு வீட்டுக்குள் போகவே பயமாக இருந்தது. அம்பிகாவுக்குப் போன் போட்டு, யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். அந்தப் போனிலும் அடக்கமாகத்தான் பேசினேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்களே.

நான் அப்படிச் சொன்னது உண்மை. சொன்ன அன்று இரவு சோறு இறங்காததும் உண்மை. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குக் கேட்டிருக்காது.

இந்த இரண்டு மூன்று நாளாக வகுப்பில் ஆத்திசூடி சொல்லும்போதுகூட குரல் எனக்கு வேறு யாருடையது போலவோ இருக்கிறது. குளிக்கும்போது பாடுவதை விட்டுவிட்டேன். அம்மணி அக்கா, தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்கிறார்.

நீங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. காது நன்றாக இருந்த காலத்தில் பேப்பரைப் பார்த்தபடியேதான் எனக்கு "ம்" சொல்வீர்கள். காது போன பிறகுதான், உதட்டைப் படிக்க வேண்டியிருந்ததால், நாள் முழுக்க என் முகத்தைப் பார்த்தீர்கள். யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் குரல் உங்களுக்கு வேண்டுமென்று நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அந்தப் பார்வை. அங்கிருந்து நீங்கள் என்னைக் கேட்கலாம். நான் உங்களைக் கேட்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. இப்போது செவிடு நான்தான்.

நீயே சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் காகிதத்தில் இல்லை.

வருகிற சனிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும். அன்று பள்ளிக்கூடம் லீவு. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்வேன். உங்கள் காது போனதிலிருந்து நான் "ஏங்க" என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். தோளைத் தொடுவதோடு சரி. அன்றைக்கு அப்படிக் கூப்பிடுவேன். சொல்ல வேண்டியதை ஒரே தடவை சொல்வேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் வாய் திறக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்திலும் நீண்ட லீவு கேட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீரில் உங்களுக்கு என் குரல் கிடைக்காது. வேறு யாராவது என் குரலில் கூப்பிட்டால், அது நான் இல்லை. தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள்.

பேனாவை மூடுகிறேன். தண்ணீரில் காலை வையுங்கள்.

இனி, கேளுங்கள்.