மரியோவுக்கு முப்பத்தெட்டு

ஜனவரி 9
என் பேஸ்மென்ட் அறையில் 16 பாகை. மேலே, வீட்டுக்கார அருள்நாயகம் அங்கிள் வீட்டில், மரியோவின் கண்ணாடிப் பெட்டிக்குள் 38. மரியோ அவருடைய மகள் தனுஷிகா வளர்க்கும் ஓணான். வீட்டுச் சூட்டைக் கூட்டும் தேர்மோஸ்ற்றற்றும் மேலேதான்; அதற்கு ஒரு பிளாஸ்ரிக் கூடு, பூட்டு.

இன்று மறுபடி கேட்டேன். "பிள்ளை, ரெண்டு சொக்ஸ் போடுங்கோ" என்றார். ஓணானை யாரும் சொக்ஸ் போடச் சொல்வதில்லை.

ஒரு ஓணானைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

ஜனவரி 15
ஒரு கிழமைக்குக் கியூபா போய்விட்டார்கள், வெயில் காய. மரியோவைப் பார்க்கும் வேலை எனக்கு. தனுஷிகா வீட்டுத் திறப்பைத் தந்தாள். "அக்கா, அவன்ர லைற் மட்டும் ஓஃப் ஆகக்கூடாது, சீரியஸ்லி. குளிர்ந்தா செத்துப்போவான்." என் விரல் பட்டதும் சிரித்தாள். "ஐயோ, உங்கட கை ஐஸ்!"

அந்தப் பூட்டின் திறப்பைத் தரவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கென்று அங்கிள் சூட்டைக் குறைத்தும் விட்டிருக்கிறார்.

ஜனவரி 17
கீழே 13. மரியோ 38. நான் ஆள் இல்லை.

ஜனவரி 18
வேலைக்கு உடுத்தும்போது ஹீற்றரைப் போட்டேன். கொண்டுவரவே கூடாது என்று அங்கிள் சொன்ன சாமான். கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். ஐந்து நிமிடம் சொர்க்கம். பிறகு டக்கென்று நின்றது. பிளக் பழுது என்று நினைத்து மிசிசாகாவுக்கு வேலைக்கு ஓடிவிட்டேன்.

பத்து மணித்தியாலம் கழித்து மேலே போனால் மரியோவின் விளக்கும் இல்லை. என் அறையும் தனுஷிகாவின் அறையும் ஒரே வயரில்! பேஸ்மென்ட் கட்டியவர் அதிலும் மிச்சம் பிடித்திருக்கிறார். மரியோ கறுத்துப்போய்க் கிடந்தான். தொட்டேன். அசையவில்லை.

முதலில் என் மனதில் வந்தது: இப்ப தெரியுதோ, எப்பிடி இருக்குமெண்டு?

சீ. நான் இப்படியான ஆளா?

ஹீற்றர் இழுத்த கரண்டில் விழுந்திருந்த பிறேக்கரை மறுபடி தூக்கிவிட்டு, அவனைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து விளக்கின் முன் இருந்தேன். செத்திடாதை. நீ செத்தா என்னையும் கலைச்சுப்போடுவினம் – இந்தக் குளிருக்குள்ள நான் எங்க போறது?

அரை மணித்தியாலத்தில் ஒரு நகம் என் தோலைக் கீறியது.

ஜனவரி 19
நான் ஹீற்றர் போட்டால் அவன் விளக்கு போகும். போடவில்லை. அவன் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

ஜனவரி 22
வந்துவிட்டார்கள், வெயிலில் நன்றாகக் கறுத்து. விளக்கு ஒருமுறை நின்றது என்று சொன்னேன். ஹீற்றரைப் பற்றிச் சொல்லவில்லை. தனுஷிகா அழத் தொடங்க, அங்கிள் உடனே போன் எடுத்தார். நான் மூன்று மாதமாகக் கேட்டேன். அவள் மூன்று நிமிடம் அழுதாள்.

ஜனவரி 24
வயரிங் செய்யும் றோய் அண்ணை வந்து மரியோவுக்குத் தனி வயர் இழுத்தார். என் பிளக்கைப் பார்க்கக் குனிந்தவர் கட்டிலுக்குக் கீழேயும் பார்த்துவிட்டார்.

"என்ன றோய், கீழ ஏதும் பிழையோ?" படியிலிருந்து அங்கிள்.

"ஒண்டுமில்லை அண்ணை. பழைய வயர்."

தன் சாமான் பெட்டியை மூடும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, இனிப் போடலாம். விழாது."

இப்போது இங்கே 22. மேலே 38. இன்னும் எரிச்சல்தான். சொக்ஸைக் கழற்றிவிட்டேன்.