ராகு காலத்தில் அடித்த அலாரம்

வேங்கிக்கால்
21.7.2025

அன்பு மகள் வினோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் தபால். நீ ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துப் போய் ஒரு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் உனக்கும் சேர்த்தே உலை வைக்கிறாள்.

உன் கையில் ஒட்டியிருக்கிற சென்சார் மட்டும்தான் என்னோடு பேசுகிறது. உன் சர்க்கரை அளவு என் போனுக்கு வருவதை நீ நிறுத்தவில்லை, அதுவே எனக்குப் போதும். நேற்று மூன்று மணிக்கு 66. மத்தியானம் சாப்பிடவில்லைதானே? எழுபதுக்குக் கீழே போனால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? எட்டு வயதிலிருந்து உன் விரலைக் குத்திப் பார்த்தவன் நான்.

நிச்சயதார்த்தத்தன்று போன் சைலன்டில் கிடந்துவிட்டது, அலாரம் காதில் விழவில்லை. எத்தனை தடவைதான் சொல்வது? மாப்பிள்ளை வீட்டார் போனது போகட்டும். வீட்டுக்கு வா கண்ணு.

அப்பா சின்னசாமி

செங்கம் ரோடு
26.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சென்சார் அன்றைக்கும் உங்களோடு பேசியதே.

"சாப்பாடு போடப் போறாங்க, இன்சுலின் ஏத்திக்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். புடவைக்குள் மறைத்திருந்த இன்சுலின் பம்பைப் பன்னிரண்டு மணிக்கு அழுத்தினேன். அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா, "புதன்கெழம, ஒன்றரை வரைக்கும் ராகு காலம். முடிஞ்சதும் தட்டு மாத்திட்டு சாப்பிட்டுக்கலாங்க" என்று எல்லாரையும் உட்காரவைத்துவிட்டார். எனக்கு வியாதி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தீர்கள்.

முக்கால் மணி நேரத்தில் கை நடுங்கியது. ஜாக்கெட் நனைந்தது. உங்கள் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. என் சர்க்கரை இறங்கினால் அடிக்கவென்று நீங்கள் தனியாக வைத்த சத்தம், எனக்குத் தெரியாதா? எடுத்துப் பார்த்தீர்கள். "லோன் வேணுமான்னு கேட்டு உயிர வாங்குறானுங்க" என்று சிரித்துக்கொண்டே அமர்த்தினீர்கள். நான் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் இருக்கிறது.

பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுதுங்கள். வருவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வினோதினி

வேங்கிக்கால்
2.8.2025

கண்ணு வினோவுக்கு,

பார்த்தேன். 54 என்று இருந்தது.

ஒரு வாய் சர்க்கரை கொடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள். நாலு இடம் தட்டிப்போன பிறகு வந்த இடம், இதுவும் போய்விடுமோ என்று பயந்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தானே, தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். மறுபடியும் ஒரு தடவை அடித்தது. 41. அதையும் அமர்த்தினேன். அது உனக்குத் தெரியாது. பாவி நான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்னைத் திட்டு, அடி, எது செய்தாலும் வீட்டுக்கு வந்து செய்.

அப்பா

செங்கம் ரோடு
21.8.2025

அப்பாவுக்கு,

உண்மையை எழுதிவிட்டீர்கள். இரண்டாவது தடவை அடித்தது தெரியாமலே இருந்திருக்கலாம்.

உங்கள் மேல் கோபம்கூட வரவில்லை அப்பா. பயமாக இருக்கிறது. சர்க்கரை இறங்கினால் அப்பா வந்துவிடுவார் என்றுதானே இத்தனை வருஷம் கவலையில்லாமல் தூங்கினேன்.

கீழ்வீட்டில் ஓனர் பச்சையம்மாள் அக்கா இருக்கிறார். போன வாரம் அவர் போனிலும் என் சென்சாரைச் சேர்த்தேன். அவருக்கு நம்பர் படிக்கத் தெரியாது. போன் கத்தினால் சர்க்கரை டப்பாவோடு மாடியேறி வந்துவிடுகிறார். நேற்று அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களை அப்படியே கூடத்தில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

இன்று காலை சென்சாரிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். இனி உங்கள் போனில் நான் வரமாட்டேன். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வினோதினி