ஃபேமிலிக்கு மட்டும்

செப்டம்பர் 3, புதன்

விடியும்போதே புழுக்கம். பனியன் இரண்டு முறை மாற்றியாயிற்று.

எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். காலையில் பால்கனியில் நின்று பத்து நிமிடம் போன் பேசினேன், மந்தைவெளி முழுக்கக் கேட்கும் குரலில். "ஆமா கோமதி... இல்ல கோமதி... நீ முதல்ல மாத்திரையைப் போடு கோமதி." அந்த நேரம் பார்த்து உள்ளே, சார்ஜரில் கிடந்த என் போன் மணி அடித்தது. காதில் நான் வைத்திருந்தது மூக்குக் கண்ணாடிக் கூடு.

கீழே வாசலில் வீட்டுக்கார மாமி கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து விட்ட இடத்திலிருந்து இழுத்தார். எழுபது வயது, கண்ணில் புரை, கூடு தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போனில் யாரென்றால், பெர்சனல் லோன் வேண்டுமா என்று ஒரு பெண். வேண்டாம்மா என்றேன். "மேடத்துக்கு வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க சார்" என்றது.

கூட்டுக்குப் பதில் போனே இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மறுமுனையில் ஆள் கிடையாது. கோமதி போன ஜனவரியில் இறந்துவிட்டாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

கடையில் கால் வலி. முகூர்த்தப் பட்டு, ஓயாத கூட்டம்.

இந்தப் பொய் எப்படித் தொடங்கியது என்பதையும் குறித்து வைக்கிறேன். பின்னால் யார் மேலாவது பழி போட உதவும்.

தி.நகர் கிளைக்கு மாற்றல், நானே கேட்டு வாங்கியது. திருச்சிக் கடையில் என்னைக் கண்டதும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பட்டுப் பிரிவில் ஆறு மாதமாக ஒரு பயல் என்னைத் திட்டவில்லை. மேனேஜர்கூட! பயந்துபோய்க் கிளம்பிவிட்டேன். குழந்தை குட்டி கிடையாது. கேட்க ஆளில்லை.

இங்கே வந்தால் வீடு கிடைக்கவில்லை. புரோக்கர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உபதேசித்தார்:

"பேச்சுலருக்கு இந்த ஏரியால வூடு குடுக்க மாட்டாங்க சார்."

ஐம்பத்திரண்டு வயதில், முன்வழுக்கையோடு, நான் பேச்சிலர்!

"ஃபேமிலின்னு சொல்லிடு."

"எங்கேன்னு கேட்டா?"

"பின்னாடி வந்துகினு கீறாங்கன்னு சொல்லு. சாமான் லாரியே பின்னாடிதான வருது?"

அப்படியே சொன்னேன். மாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆத்துக்காரி எப்போ வரா?" அடுத்த மாதம் என்றேன். "ரெண்டு பேர் ஆதார் ஜெராக்ஸும் குடுங்கோ, போலீஸ்ல குடுக்கணுமாம்" என்றார்.

அது என்னிடம் தாராளமாக இருந்தது. கோமதி போனபின் பேங்க், இன்ஷூரன்ஸ் என்று ஏறி இறங்க, ஆதாரில் இருபது, சான்றிதழில் இருபது என்று எடுத்து வைத்த ஃபைல். ஆபீஸ்களில் ஃபைலையே நீட்டிவிடுவேன், வேண்டியதை அவர்களே உருவிக்கொள்வார்கள். நான் அதைப் பார்ப்பதில்லை. மாமிக்கு மட்டும் நானே மேலே இருந்த ஆதார் தாளை எடுத்துக் கொடுத்தேன். படத்தில் கோ. கொள்ளைக் கூட்டத் தலைவி மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள்.

அன்றைக்குப் பிறகு மாமி அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. சந்தேகப்படத் தெரியாத ஆத்மா. அவர் கவலை எல்லாம் தண்ணீர் மோட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

மாடியில் எதிர் போர்ஷன் ராதா மேடம். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது முழுநேர வேலை, அடுத்தவர் வீட்டு ஆடிட்.

"மிஸஸ் கிளம்பிட்டாங்களா சார்?"

"மூட்டு வலி மேடம். கொஞ்சம் சரியாகட்டும்னு..."

"போன வாரம் பல்லுன்னு சொன்னீங்க."

"பல்லு போய் மூட்டு வந்துருக்கு மேடம்."

கோ.வுக்கு இதுவரை நான் கொடுத்த நோய்கள்: பல், மூட்டு, தங்கச்சி பிரசவம் (தங்கச்சிக்கு நாற்பத்தைந்து வயது, அவசரத்தில் சொல்லிவிட்டேன்), வைரஸ் காய்ச்சல். உண்மையில் வந்ததை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு சின்னதாக ஒரு வலி. வாயு என்றாள். நானும் வாயு என்றேன். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன்.

இத்துடன் நிறுத்துகிறேன். பஸ்ஸுக்கு நேரம்.

செப்டம்பர் 11, வியாழன்

நேற்று மாலை இடி, மழை. இன்று காலை தெருவில் கணுக்கால் தண்ணீர்.

மாமி கோயிலுக்குப் போய்விட்டார். ராதா மேடம் மகள் வீட்டில். கட்டடத்தில் நான் ஒருவன். அதாவது கேட்க ஒரு காது இல்லை.

பேசினேன். பதினாறு நிமிடம்.

ராதா மேடம் மகளுக்கும் மாமியாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்ற செய்தி. கடையில் புது சூப்பர்வைசர் முடிக்குச் சாயம் அடித்து நெற்றியிலும் அடித்துக்கொண்டு வந்தது. மெரூன் பட்டைத் தோளில் போட்டு நான் மடிப்பு எடுத்துக் காட்ட, வேளச்சேரி அம்மாள் ஒருவர் "உங்களுக்கே எடுப்பா இருக்கு சார், நீங்களே எடுத்துக்குங்க" என்றது. நடுவில் நிறுத்தி அவள் சிரிக்க இடம் விட்டேன்.

கோ. என் கடையில் ஒரு சேலை எடுத்ததில்லை. "நாள் பூரா உங்க தோள்ல கெடந்ததை நான் கட்டணுமாக்கும்?" ஸ்டாஃப் தள்ளுபடியை இருபத்து நான்கு வருடம் வீணடித்தவள்.

முதல் வாரம் மாமிக்காகப் பேசினேன். இன்று யாருக்காக? தெரியவில்லை. வீடு போய்விடுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது வேறு பயம். உண்மை தெரிந்துவிட்டால் இந்தக் காலை நேரமும் போய்விடும். அப்புறம் எந்த முகத்தோடு பால்கனியில் நின்று பேசுவது?

வாங்க வேண்டியது: துடைப்பம், கொசுவத்தி, ஒரு ஆள் சோறு வைக்கிற குக்கர். (மூன்று லிட்டரில் அளவு வரவில்லை. தினமும் மிஞ்சுகிறது.)

செப்டம்பர் 16, செவ்வாய்

வார விடுமுறை. வெயில் கொளுத்துகிறது. பஸ் பிடித்து அடையாறு வழியாகப் பெசன்ட் நகர். மூன்றாவது செவ்வாயாக ஊரூர் குப்பம். படகுகளுக்குப் பக்கத்தில் மீன் விற்கும் அம்மாளுக்கு என் முகம் பழகிவிட்டது.

"இன்னா நைனா, வாராவாரம் வந்து செவுளைத் தூக்கிப் பாத்துக்கினு போறே. டாக்டரா நீ?"

"வீட்ல சமைக்க முடியாதும்மா. ஓனர் சைவம்."

"அப்போ இன்னாத்துக்கு வர்றே?"

"சும்மா பாக்கத்தான். மீன் பாத்து வாங்குறது எங்க வீட்ல அவதான்."

"அத்த இட்டுக்கினு வர்றதுதான?"

சொல்லிவிட்டேன். "செத்துப்போயிட்டாம்மா. ஜனவரில." இந்த ஊருக்கு வந்து முதன்முதலாக வாய்விட்டு. சொன்ன வாய் உப்புக் கரித்தது. கடல் காற்று என்று வைத்துக்கொள்வோம்.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "எம் புருசன் போயி ஆறு வருசம் ஆவுது. இன்னமும் சில நாளு ரெண்டு தட்டு எடுத்து வெச்சிடுறேன்."

"அப்புறம்?"

"அப்பால இன்னா, அதையும் நானே துன்னுடுறேன். வீணாக்கவா முடியும்?"

இருவரும் சிரித்தோம். பக்கத்துக் கடைக்காரி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"நாளைலேர்ந்து பொரட்டாசி. ஒரு பய மீனு துன்ன மாட்டான், நான் ஈ ஓட்டிக்கினு குந்தினு இருக்கணும். கால் கிலோ நெத்திலி எடுத்துக்கோ நைனா."

வாங்கினேன். பையோடு பஸ் நிலையம் வரை வந்தபின்தான் புத்தி வந்தது. பூனைகளுக்குக் கொட்டினேன். நான்கு பூனைகள், பந்தி மாதிரி உட்கார்ந்து. கோ. கேட்டால் கொன்றுவிடுவாள். பளபளவென்று கால் கிலோ நெத்திலி, பூனைக்கு.

நாளை காலை அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டாமா?

செப்டம்பர் 17, புதன்

சொன்னேன். திட்டினாள். அதாவது திட்டியிருப்பாள்.

பேசி முடித்துத் திரும்பினால் மாடிப்படியில் மாமி, கையில் மூடிய கிண்ணத்தோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"ரவா உப்புமா. நீங்க பேசிண்டிருந்தேளோன்னோ, முடியட்டும்னு நின்னேன்."

"கூப்பிட்டிருக்கலாமே மாமி."

"அதெப்படி. பேசறச்சே குறுக்கே வரப்படாது."

மூட்டு வலியோடு படியில் நின்றிருக்கிறார். (மூட்டு வலி இவருக்கு நிஜம்.) உப்புமா ஆறிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. குளக்கரைப் பக்கம் ஒரே கூட்டம். நாளை கொலு.

காலை ஆறரைக்கு மாமி கூப்பிட்டு அனுப்பினார். கொலுப்படிக்கு வேட்டி விரிக்க வேண்டுமாம். ஐந்து படி. விட்டேனா? ஒவ்வொரு படி முனையிலும் பட்டுக்கு எடுக்கிற மாதிரி மடிப்பு எடுத்து, குண்டூசி தெரியாமல் குத்தி, ஜமாய்த்துவிட்டேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

"இப்படி ஒருத்தர் இந்தாத்துல விரிச்சதே இல்லை."

அந்த நல்ல மூடில் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். "மாமி, கோமதி விஷயமா ஒண்ணு..."

"அந்த முனை சுருங்கறது பாருங்கோ. இழுங்கோ."

இழுத்தேன்.

"மாமி, அவ வந்து..."

"வரப்போ வரட்டும். யார் இப்போ கேட்டா? கடைக்குப் போற வழியில குளத்தண்டை இறங்கி ஒரு நமஸ்காரம் பண்ணிட்டுப் போங்கோ. இன்னிக்கு அமாவாசை."

என் அப்பா அம்மாவை நினைத்துச் சொல்கிறார் போல. இறங்கினேன். படியில் நின்றேன். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கடைக்கு இருபது நிமிடம் லேட். சூப்பர்வைசர் திட்டினார், வழக்கமான முழுத் திட்டு. இதமாக இருந்தது.

கோ. வருவது மாமிக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. வந்தால் தண்ணீர்ச் செலவு கூடுமே.

செப்டம்பர் 24, புதன்

அரை நாள் லீவு. ராதா மேடம் வீட்டுக் கொலுவுக்கு அழைப்பு. தட்டிக்கழிக்க முடியவில்லை. கூடத்தில் பெண்கள் பத்துப் பேர், நான் ஒரே ஆண்பிள்ளை, கையில் கொண்டைக்கடலைச் சுண்டல். மாமியும் இருந்தார்.

ராதா மேடம் எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "மிஸஸ் வரலைன்னா என்ன சார்? அவங்க பங்கு இது. நீங்க கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

கூடமே பார்க்கிறது. வாங்கிக்கொண்டேன்.

மாமி பட்டென்று எழுந்தார். "சார், என்னைப் படி இறக்கி விடுங்கோ." கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். மாமி வீட்டுக் கொலு முன்னால் உட்கார வைத்து மறுபடி சுண்டல் கொடுத்தார். கோ.வுக்கு என்று ஒன்றும் தரவில்லை. ஒரு வெற்றிலை, ஒரு மஞ்சள்கூட. கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பையில் இருந்தவை: வெற்றிலை 2, பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், குட்டிச் சீப்பு, குட்டிக் கண்ணாடி, ரவிக்கைத் துண்டு (கிளிப்பச்சை, எண்பது சென்டிமீட்டர், இரண்டு சலவை தாங்காது).

இந்த ரவிக்கைத் துண்டுகளை எந்தப் பெண்ணும் தைப்பதில்லை. அடுத்த கொலுவில் அடுத்தவள் பைக்குள் தள்ளிவிடுவதுதான் வழக்கம். ஒரே துண்டு ஊர் சுற்றிவிட்டுத் தன்னிடமே திரும்பி வந்ததை ஒரு முறை கோ. கையும் களவுமாகப் பிடித்தாள், மூலையில் தானே போட்ட பேனாப் புள்ளியை வைத்து. அவள் தள்ளிவிட வைத்திருந்தவை நாற்பத்து மூன்று. பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறேன். இத்துடன் நாற்பத்து நான்கு.

இதை யாருக்குக் கொடுப்பது? எனக்குக் கொலு கிடையாது.

சீப்பு என் சட்டைப் பையில். ஏன் என்று கேட்காதே. சீவ முடியும் இல்லை.

செப்டம்பர் 27, சனி

காலையில் பேசவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

கீழே மாமி கோலம் போட்டு முடித்தும் உள்ளே போகவில்லை. வெறும் வாசலைப் பெருக்கிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தூறல். விடுமுறை. குப்பத்துக்குப் போகவில்லை.

முடிவு எடுத்தாயிற்று. விஜயதசமி அன்று மாமியிடம் சொல்லிவிடுவது. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்:

1. "மாமி, உங்களை ஏமாத்திட்டேன்." (நாடகம் மாதிரி இருக்கிறது.)

2. "மாமி, நான் ஃபேமிலி இல்லை." (பாதியில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.)

3. "மாமி, வேற வீடு பாத்துக்குறேன்." (பார்க்க மனமில்லை.)

கேஸ் இணைப்பு இன்னும் கோ. பெயரிலேயே இருக்கிறது. மாற்ற ஏஜென்சிக்குப் போன் செய்தேன், நிஜமான போன். ஆதார் ஒன்று, இறப்புச் சான்றிதழ் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். ஃபைலைப் பிரித்தேன். ஆதார் தாள்கள் பதினொன்று மிச்சம். சான்றிதழ்க் கட்டைக் காணோம். பெட்டியைக் கவிழ்த்து, ரவிக்கைத் துண்டுகளை எல்லாம் உதறி, ஒரு மணி நேரம் தேடினேன். தும்மல்தான் மிச்சம்.

கடைசியில் ஆதார் தாள் ஒன்று கை தவறிக் கீழே விழுந்து, குப்புறக் கிடந்தது.

திருச்சி ஜெராக்ஸ் கடைக்காரர் காகிதம் மிச்சம் பிடித்திருக்கிறார். முன்பக்கம் ஆதார், பின்பக்கம் இறப்புச் சான்றிதழ். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்றும் அப்படித்தான்.

மாமியிடம் ஆகஸ்ட் பதினேழாம் தேதி கொடுத்ததும் இதே கட்டின் மேலிருந்து எடுத்த தாள்தான்.