கிராம்பைக் கடித்துக்கொண்டு ஆள் எடுத்த கதை

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டிகூட நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைத்து விளையாடுகிற குட்டியும் நலமா? கால் வீக்கம் வடிந்ததா, இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்றேனே, படுக்கிறாயா? முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வாய் ஊர் சுற்றப் போய்விடும். கடைக்கு ஆள் கிடைத்துவிட்டது! கடையை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று நான் போனில் இழுத்தபோது, "பரவாயில்லம்மா, நாங்க சமாளிச்சுக்கிறோம்" என்றாய் பார், அந்தக் குரலைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாவிட்டால் எதற்கு இந்தக் கடையும் கண்ணியும்? ஆனால் அப்பாவை நம்பிக் கவுண்டரை விட்டு வரவும் முடியாது. கறை எடுப்பதில் மனுஷன் கெட்டிக்காரர்தான், வந்தவர் குரலை உயர்த்தினால் மட்டும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்.

நான் இதுவரை ஆள் எடுத்த லட்சணம் உனக்குத் தெரியாததா. வந்தவரை உட்காரவைத்து டீ கொடுத்து, கடை ஆரம்பித்த கதை, உன் கல்யாணக் கதை, என் முட்டிவலி எல்லாவற்றையும் நானே பேசித் தீர்ப்பேன், அவர்கள் "ஆமாங்கம்மா, ஆமாங்கம்மா" என்று தலையாட்டுவார்கள், என்ன தங்கமான குணம் என்று வேலை கொடுத்துவிடுவேன். கடைசியாக வந்த தலையாட்டி, டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டைச் சிவப்புத் திரைச்சீலையோடு ஊறப்போட்டு ரோஜா நிறத்தில் கொடுத்தானே! அதனால்தான் நீ சொன்னாய், "எல்லார்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேளு, வேலையைச் செஞ்சு காட்டச் சொல்லு, நீ மட்டும் பேசாதே" என்று. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதற்கு என்ன செய்தேன் தெரியுமா, வாயில் ஒரு கிராம்பைப் போட்டு அடக்கிக்கொண்டேன். பேசத் தோன்றும்போதெல்லாம் நறுக்கென்று ஒரு கடி, காரம் உச்சிக்கு ஏறி, பேச்சு தொண்டையோடு நின்றுவிடும்.

முதலில் வந்தவன் உன் அத்தை அனுப்பிய அவளுடைய கொழுந்தன் மகன். பளபளவென்று சட்டை, தேன் ஒழுகுகிற பேச்சு. பழைய வேலையில் என்ன தப்பு செய்தாய், அப்புறம் அதை எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டேன். "தப்பா? நானா? சான்ஸே இல்லீங்கம்மா, எல்லாம் ஓனர் பண்ணினதுதான்" என்றான். பழைய நானாக இருந்தால் அந்தச் சிரிப்புக்கே கடைச் சாவியைக் கொடுத்திருப்பேன். கடித்தேன். அடுத்து, அப்பா கோபக்கார வாடிக்கையாளராக நடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவரோ தயங்கித் தயங்கி உள்ளே வந்து, "மன்னிச்சுக்குங்க, என் சட்டையில பட்டன் ஒண்ணு காணோம்" என்றார். கோபப்படச் சொன்னால் மன்னிப்புக் கேட்கிறார்! அந்தப் பையன், "வீட்லதான் விழுந்திருக்கும், போய் நல்லா தேடுங்க" என்று விரட்ட, அப்பாவும் நிஜமாகவே தேடப் போய்விட்டார்.

அடுத்து வந்தவளுக்கு உன் வயதுதான் இருக்கும். அதே கேள்வியைக் கேட்டேன், பையின் வாரைத் திருகித் திருகி யோசித்தாள். அந்த இடைவெளியில் என் நாக்கு துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "ரெண்டு பேர் கோட்டை மாத்திக் குடுத்துட்டேங்க, அதுல ஒண்ணு கல்யாண மாப்பிள்ளையோடது. கல்யாண வீட்டுக்கே ஓடி, சமையக்கட்டு வழியா உள்ள போய், போட்டோ எடுக்கிறதுக்குள்ள மாத்திட்டேன். அதுலேருந்து துணியைக் கையில வாங்கினதும் பேர் எழுதின சீட்டைக் குத்தாம கீழ வைக்கிறதில்ல." எனக்குச் சிரிப்பு பீறிட்டு, கிராம்பு பறந்துபோய் அவள் மடியில் விழுந்தது. அப்பா மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். அவள், "நீங்க ஏங்க மன்னிப்பு கேக்கிறீங்க, உட்காருங்க" என்று ஊசி நூலைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய பழைய முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று விசாரித்தேன், "அவ வீடு மாறி உங்க பக்கம் வந்துட்டா, இல்லேன்னா உங்களுக்கு விட்டுக்குடுப்பேனா" என்று அந்த அம்மா என்னிடமே சண்டைக்கு வந்தாள். உன் அத்தைதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், நாலு நாளில் இறங்கிவிடும்.

வேலை உனக்குத்தான், நான் மகள் பிரசவத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நீ ஏதாவது கேட்கணுமா என்றேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்க மகளைப் பார்த்துட்டுத் திரும்பி வந்ததும் என்னை அனுப்பிடுவீங்களா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன்னிடம் ஓடி வருகிற அவசரத்தில் அவள் பிழைப்பை நான் நினைக்கவே இல்லையே கண்ணு. நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார், "இவ வந்தாலும் நீ இரும்மா. வேலையை நீ பாரு, பேசுறதை இவ பார்த்துக்குவா." அவள் சிரித்துவிட்டாள், நானும்தான். இப்போது அவளே கவுண்டரில் நிற்கிறாள், அப்பா மெஷினுக்குப் பின்னால் போவதே இல்லை.

டிக்கெட் எடுத்தாயிற்று. வருவதற்கு மட்டும்தான், திரும்புவது எப்போது என்று குட்டியைக் கேட்டுத்தான் முடிவு செய்வேன். மூவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருங்கள், மாத்திரையை மறக்காதே. குழந்தையை நீங்கள் எப்படி வளர்த்தாலும் குறுக்கே பேசமாட்டேன், பெட்டியில் முதலில் வைத்தது கிராம்பு டப்பாதான். ஆனால் இனிமேல் என்னிடம் "பரவாயில்லம்மா" என்று மட்டும் சொல்லாதே, அதற்கு எந்தக் கிராம்பும் என் வாயை அடக்காது.

வந்துகொண்டே இருக்கும்,
உன் வாயாடி அம்மா